நெருக்கடி ஈன்ற வழியும் வழி ஈன்ற நெருக்கடியும்

சாலை, இருப்புப்பாதை, குடிநீர்க் குழாய், பாலம் ஆகியவற்றைப் பொதுவசதிகள் என்று ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவை செம்மையாக இயங்கும் நாளில் அவற்றை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. குழாயில் நீர் வராத காலையில்தான் அணைக்கட்டு நினைவுக்கு வருகிறது. வண்டி நகராத மாலையில்தான் பாலம் நினைவுக்கு வருகிறது. பேரரசர்களின் போர்களை ஆண்டு பிறழாமல் ஒப்பிக்கும் மாணவன்கூடத் தன் தந்தை நாள்தோறும் வேலைக்குக் கடந்து செல்லும் பாலம் எப்பொழுது, எதற்காக எழுந்தது என்று கேட்டால் விழிக்கிறான். மன்னர் வரலாறு மட்டும் வரலாறன்று. மக்கள் நடக்கும் வழிக்கும் வரலாறு உண்டு.

அத்தகைய வழிகளுள் ஒன்று ஜொகூர்க் கடற்பாலம். மலேசியாவின் தென்கோடியில் உள்ள ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரின் வடகரையில் உள்ள உட்லண்ட்சையும் அது இணைக்கிறது. ஒருபுறம், ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் 40 இலட்சம் மக்கள் வாழும் மாநிலம். மறுபுறம், 730 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய நிலத்தில் 60 இலட்சம் மக்கள் நெருங்கி வாழும் தீவு நாடு. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்திற்குக் கல்லால் ஆன இவ்வழி கிடக்கிறது. மக்கள் பாலம் என்று அழைத்தாலும் அது பாலமன்று. தூண்களின்மேல் நிற்பதுதான் பாலம். இதுவோ கடலைக் கல்கொண்டு தூர்த்து எழுப்பிய கரை. மலாய் மொழியில் அதனைத் ‘தம்பாக்’ என்பர். அணை அல்லது கரை என்பதே அச்சொல்லின் பொருள்.

ஆறே சாலையாக இருந்த காலம்

ஜொகூர் பாருவின் தொடக்கம் 1855ஆம் ஆண்டு. தெமெங்கோங் இப்ராகிம் நிறுவிய அச்சிற்றூருக்குத் தஞ்சோங் புத்திரி என்று பெயர். அவர்தம் மைந்தர் அபு பக்கார் 1866இல் அதற்கு ஜொகூர் பாரு எனப் பெயரிட்டார். அக்கால ஜொகூரில் காடு மிகுதி, சாலை அரிது. மிளகும் காசுக்கட்டிச் செடியும் பயிரிட்ட சீனக் குடியானவர்கள் ஆற்றங்கரைகளிலேயே குடியேறினர். விளைபொருள் படகில் ஏறி, ஆற்று வழியே இறங்கி, நீரிணையைக் கடந்து சிங்கப்பூர்ச் சந்தையை அடைந்தது. ஆறே சாலை, படகே வண்டி.

இந்நிலையை மாற்ற அபு பக்கார் 1869இல் ஒரு துணிவான முயற்சியைத் தொடங்கினார். ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் வரை மரத்தாலேயே தண்டவாளம் அமைக்கும் திட்டம் அது. இரும்பு விலையுயர்ந்தது, மரமோ சுற்றிலும் கிடைத்தது. கணக்கு சரியாகவே தோன்றியது. ஆயினும் அக்கணக்கில் ஒன்று விடுபட்டுப் போயிற்று. மரத் தண்டவாளத்தைக் கறையான் அரித்தது. திட்டமிட்ட தொலைவை எட்டாமலேயே அப்பாதை கைவிடப்பட்டது. மலிவான பொருள் எப்பொழுதும் மலிவாகவே முடிவதில்லை என்பதை ஜொகூர் தன் முதல் இருப்புப்பாதையிலேயே கற்றது. அப்பாதையை ‘இருப்பு’ப் பாதை என்று சொல்வதும் பொருந்தாது.

இரும்புத் தண்டவாளம் வருவதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. சிங்கப்பூர்த் தீவின் இருப்புப்பாதை 1903இல் உட்லண்ட்ஸ் வரை வந்து நின்றது. 1909இல் கிம்மாசிலிருந்து சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வழியாக ஜொகூர் பாருவை அடைந்தது ஜொகூர் மாநில இருப்புப்பாதை. வடக்கே பிறையில் ஏறிய பயணி தெற்கே ஜொகூர் பாரு வரை வந்து சேரலாம். இரு தண்டவாளங்களுக்கும் இடையில் எஞ்சியது கடல் மட்டுமே. பயணிகள் இறங்கிப் படகேறினர். சரக்குப் பெட்டிகளைத் தெப்பம்போன்ற பெரும்படகுகளில் ஏற்றி மறுகரை சேர்த்தனர்.

பாலமா, கற்கரையா?

படகுமுறை சில ஆண்டுகளே தாக்குப்பிடித்தது. அமெரிக்காவில் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, உலகெங்கும் ரப்பருக்கு வேட்கை மிகுந்தது. இருப்புப்பாதையின் இருமருங்கிலும் காடழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தண்டவாளம் சரக்கைக் கொண்டுவந்து குவித்த வேகத்தில் படகுகளால் அதைக் கடத்த இயலவில்லை. சரக்குப் பெட்டிகள் கரையில் முறைகாத்து நின்றன. இன்று கடற்பாலத்தில் மனிதர் நிற்கும் வரிசைக்கு முன்னோடி, அன்று கரையில் சரக்குப் பெட்டிகள் நின்ற வரிசையே.

1917இல் கூட்டு மலாய் மாநிலங்களின் பொதுப்பணித்துறை இயக்குநர் ஏர் கென்னி, நீரிணையின் குறுக்கே கற்கரை ஒன்றை எழுப்பலாம் என்று முன்மொழிந்தார். இரும்புப் பாலத்தைக் காட்டிலும் கற்கரைக்குச் செலவு குறையும், துருவுக்கு அஞ்சவேண்டியதில்லை, வேண்டிய கருங்கல் அருகிலுள்ள உபின் தீவிலும் புக்கிட் தீமாவிலும் கிடைக்கும். இக்காரணங்கள் வென்றன. 1920 ஏப்ரல் 24ஆம் நாள் ஆளுநர் லாரன்ஸ் கில்லமார்ட், ஜொகூர் சுல்தான் இப்ராகிம் முன்னிலையில், படகிலிருந்து முதற்கல்லைக் கடலில் விழச்செய்து பணியைத் தொடங்கி வைத்தார். 1923 செப்டம்பரில் சரக்கு வண்டிகளும் அக்டோபரில் பயணி வண்டிகளும் அதன்மேல் ஓடின. 1924 ஜூன் 28ஆம் நாள் முறைப்படி திறப்புவிழா நடந்தது. செலவு ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் வெள்ளி. இரட்டைத் தண்டவாளமும் ஒரு சாலையும் அக்கரையின்மேல் அமைந்தன.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1914இல், தமிழகத்தில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டும் கடலைக் கடக்கும் இருப்புப்பாதைகள். இரண்டிலும் கப்பலுக்கு வழிவிடத் தூக்குபாலம் உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. பாம்பனில் தூண்களுக்கு இடையே கடல் தங்குதடையின்றி ஓடிற்று. ஜொகூரிலோ, கரையோரத்தில் அமைந்த மதகுக் கால்வாய் ஒன்றைத் தவிர, நீரிணை முழுவதும் அடைபட்டது. கிழக்குக் கடலும் மேற்குக் கடலும் பிரிந்தன. போரில் தூக்குபாலம் சிதைந்த பின்னர் அம்மதகும் பழையபடி இயங்கவில்லை. மனிதருக்கு வழி திறந்த அதே கரை, கடலுக்கும் கப்பலுக்கும் வழியை மூடியது. செலவுக் கணக்கை எழுதியவர்கள் கற்களின் விலையைச் சேர்த்தார்கள். நீரோட்டத்தின் விலையைச் சேர்க்கவில்லை.

கல் சுமந்த கைகள்

பெரும்பணிகளின் வரலாற்றில் திறந்து வைத்தவர் பெயர் நிலைக்கும். செய்து முடித்தவர் பெயர் மறையும். கடற்பாலப் பணியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்தனர். கல்லை உடைத்து, படகில் ஏற்றி, கடலில் இறக்கி, மட்டம் பார்த்து, தண்டவாளம் பொருத்திய அவர்கள் ஆவணங்களில் எண்ணிக்கையாகவே நின்றுவிட்டனர்.

மலாயாவின் இருப்புப்பாதைகளையும் பொதுப்பணித்துறைச் சாலைகளையும் அமைத்துக் காத்ததில் தமிழரின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது என்பது வரலாறு அறிந்த உண்மை. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பின்னரும் கங்காணிகள் வழியே தமிழகத்து ஊர்களிலிருந்து ஆள்கள் வந்தவண்ணம் இருந்தனர். காடும் மலேரியாவும் அவர்களை எதிர்கொண்டன. இருப்புப்பாதையைக் ‘கம்பிச்சடக்கு’ என்று இந்நாட்டுத் தமிழர் வழங்குவர். தமிழகத்து அகராதிக்குப் புதிதான இச்சொல்லை ஈன்றவர்கள் புலவர்கள் அல்லர். கம்பியையும் சடக்கையும் கையால் தொட்டு உழைத்தவர்கள். ஜொகூர் பாருவில் இருப்புப்பாதையின் அருகே இன்று கண்ணாடிக் கோயிலாக விளங்கும் இராஜகாளியம்மன் ஆலயம், கடற்பாலம் உருவாகிக்கொண்டிருந்த 1922இல் சிறு வழிபாட்டிடமாகத் தோன்றியது. உழைப்பாளர் குடியேற்றத்தின் சுவடு ஆவணங்களில் மங்கினும் ஆலயங்களில் மங்கவில்லை.

இதே மக்களைச் சப்பானியர் ஆட்சி சயாம்–பர்மா மரண இரயில்பாதைக்கும் இழுத்துச் சென்றது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழருள் எண்ணற்றோர் திரும்பவில்லை. இராமனுக்குச் சேது கட்ட உதவிய அணிலின் முதுகில் மூன்று கோடுகளாவது எஞ்சின என்பது கதை. இவர்களுக்கோ பலவிடங்களில் அதுவும் எஞ்சவில்லை.

கரைமேல் ஓடிய நீர்

கடற்பாலம் தண்டவாளத்தை மட்டும் தாங்கவில்லை; ஒரு நகரின் தாகத்தையும் தாங்கியது. மக்கள் பெருகிய சிங்கப்பூருக்குத் தன் நீர்த்தேக்கங்கள் போதவில்லை. 1927 டிசம்பரில் சுல்தான் இப்ராகிமும் சிங்கப்பூர் நகராண்மை ஆணையர்களும் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி குனோங் பூலாயின் நீர், கடற்பாலத்தின் வழியே குழாயில் தெற்கே சென்றது. மரத் தண்டவாளம் எந்த மலையை நோக்கிப் புறப்பட்டுத் தோற்றதோ, அந்த மலையிலிருந்தே நீர் புறப்பட்டு வெற்றியுடன் நகரை அடைந்தது.

ஒரே வழியில் எல்லாவற்றையும் வைப்பதன் இடர் 1942இல் வெளிப்பட்டது. சனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரித்தானியப் படை தானே கடற்பாலத்தை வெடிவைத்துப் பிளந்தது. ஏறத்தாழ 70 அடிக்குக் கரை அறுந்தது. அதனுடன் நீர்க்குழாயும் அறுந்தது. பகைவனின் வழியை அடைக்க எண்ணிய செயல், தன் நகரின் தொண்டையையும் அடைத்தது. அகதிகளால் நிறைந்து வழிந்த தீவில் நீர் அருகியது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்ததற்குக் கூறப்படும் காரணங்களுள் நீர்த்தட்டுப்பாடும் ஒன்று. சப்பானியரோ, அறுந்த கரையை விரைவிலேயே செப்பனிட்டுக்கொண்டனர்.

போருக்குப் பின் 1961இலும் 1962இலும் புதிய நீர் உடன்படிக்கைகள் எழுந்தன. முன்னது 2011இல் முடிவுற்றது. பின்னது 2061 வரை செல்லும். அதன்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம். ஆயிரம் காலன் பச்சைநீருக்கு விலை 3 காசு. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் ஆயிரம் காலனுக்கு 50 காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறது. இவ்விலை முறையா என்பது இரு அரசுகளுக்கும் இடையே தீராத வழக்கு. எனினும் மாணவர் நினைவிற்கொள்ள வேண்டியது வேறொன்று. ஆற்றை உடைய மாநிலமும் வறட்சிக்கு விலக்கன்று. 2015இல் அணைகளின் நீர்மட்டம் தாழ்ந்தபோது மசாய், பாசிர் கூடாங் வட்டாரங்களில் முறைவைத்தே நீர் வழங்கப்பட்டது. அண்டை நாட்டுக்கு நீர் தரும் மாநிலத்தின் மக்கள் வாளியோடு காத்திருந்தனர்.

கோடு விழுந்த பின்

1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் தனிநாடானது. அதுவரை ஒரு நாட்டின் உட்சாலையாக இருந்த கடற்பாலம் ஒரே நாளில் நாட்டெல்லை ஆயிற்று. 1967 முதல் கடப்பிதழ்ச் சோதனை நடைமுறைக்கு வந்தது. கல்லும் மாறவில்லை, சாலையும் மாறவில்லை. ஆனால் கடந்து செல்வதன் பொருள் மாறிவிட்டது.

இன்று நாள்தோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் இவ்வழியைக் கடக்கின்றனர். உலகின் மிக நெரிசலான நில எல்லைகளுள் இதுவும் ஒன்று. விடியலுக்கு முன்பே, நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும், ஸ்கூடாய், மசாய், உலு திராம் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் மோட்டார் சைக்கிளில் புறப்படுகின்றனர். தோட்டத்து வேலை மறைந்தபின் நகரத்துக்குப் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அவ்வரிசையில் உண்டு. இரு நாணயங்களின் மதிப்பு வேறுபாடு அவர்களை இழுக்கிறது. வீட்டு வாடகையும் உறவும் இக்கரையில் நிறுத்துகின்றன. மழை பெய்தால் வரிசை நனையும். கணினி நின்றால் வரிசையும் நிற்கும். எட்டு மணி நேர வேலைக்கு மூன்று, நான்கு மணி நேரப் பயணத்தைக் கூலியின்றிச் சேர்த்துக் கொடுப்போர் பலர்.

இந்நெரிசலுக்கு மக்கள் தொகையே காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவர். அது பாதி உண்மை. ஓர் எளிய கணக்கைப் பார்த்தால் மறுபாதி விளங்கும். சோதனைச் சாவடியில் ஒருவருக்கு அரை நிமிடம் ஆகுமாயின், ஒரு முகப்பில் மணிக்கு 120 பேரே செல்லலாம். ஒரே மணி நேரத்தில் 12,000 பேர் வந்தால் நூறு முகப்புகள் ஓய்வின்றி இயங்க வேண்டும். ஐம்பது முகப்புகளே திறந்திருந்தால், சாலை எத்துணை அகலமாயினும் ஆறாயிரம் பேர் நிற்கத்தான் வேண்டும். வாய் குறுகிய குடத்தின் வயிற்றைப் பெரிதாக்குவதால் நீர் விரைந்து வெளிப்படாது. எனவே கடற்பாலத்தின் நெரிசல் ஆள் மிகுதியால் மட்டும் வருவதன்று; எல்லாரும் ஒரே வேளையில், ஒரே வழியில், ஒரே வாயிலில் நிற்க நேர்வதால் வருவது.

தீர்வுகளும் அவற்றின் வரலாறும்

தீர்வுகள் தேடப்படாமல் இல்லை. 1998 சனவரியில் தஞ்சோங் கூப்பாங்குக்கும் துவாசுக்கும் இடையே இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. அது தூண்களின்மேல் நிற்கும் உண்மையான பாலம். அதன்கீழ்க் கடல் ஓடுகிறது. ஆயினும் நகரின் நடுவிலிருந்து அது தொலைவு. எனவே பழைய கடற்பாலத்தின் கூட்டம் கரைந்துவிடவில்லை. கற்கரையின் மலேசியப் பாதிக்கு மாற்றாக வளைந்த பாலம் ஒன்றைக் கட்டும் திட்டமும் எழுந்தது. நீரோட்டத்தையும் கப்பல் வழியையும் மீட்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 2006 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. 1917இல் சேர்க்க மறந்த நீரோட்டத்தின் விலை தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தீர்க்கப்படாத கடனாக நின்றது.

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலாயா இருப்புப்பாதையின் கடைசி வண்டி 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் இப்ராகிமே அதனை ஓட்டிச் சென்றார். கடற்பாலத்தின் வழிக்கு அடிகோலிய சுல்தானின் பெயரையே தாங்கிய கொள்ளுப்பேரர் அவர். 2015இல் தொடங்கிய தெப்ராவ் இணைப்பு வண்டி, அதே கற்கரையை ஐந்து நிமிடங்களில் கடந்தது.

2020 மார்ச்சு 18ஆம் நாள் பெருந்தொற்றின் காரணமாக எல்லை மூடப்பட்டது. நூறாண்டுகளாக ஓயாத வழி வெறிச்சோடியது. நெரிசலை நொந்துகொண்டவர்களே அந்த வெறுமையைக் கண்டு கலங்கினர். இக்கரையில் பெற்றோரும் அக்கரையில் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. 2022 ஏப்ரல் முதல் நாள் வழி மீண்டும் முழுமையாகத் திறந்தபோது, திரும்பி வந்த நெரிசல் பலருக்கும் நற்செய்தியாகவே பட்டது. கூட்டம் என்பது துன்பம் மட்டுமன்று. அது உறவும் பிழைப்பும் நடமாடுவதன் அடையாளம். துன்பம் கூட்டத்தில் இல்லை. கூட்டத்தை எதிர்நோக்கி ஆயத்தம் செய்யாமையில் உள்ளது.

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். விரைவு இரயில் திட்டம் இப்பாடத்தை ஓரளவு உணர்ந்து வரையப்பட்டது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரைக் கொண்டு செல்வது அதன் இலக்கு. அதனினும் சிறப்பு, புறப்படும் நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் முடித்துக்கொள்ளும் ஏற்பாடு. அகலப்படுத்த வேண்டியது வழியை அன்று, வாயிலை என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் வரலாறு ஓர் எச்சரிக்கை தருகிறது. படகு நெருக்கடியைத் தீர்க்கக் கற்கரை வந்தது. கற்கரை எளிதாக்கிய போக்குவரத்தே புதிய நெருக்கடியாக வளர்ந்தது. நல்ல வழி தன் கூட்டத்தைத் தானே அழைத்துக்கொள்ளும். ஆகவே எந்தப் பாலமும் இறுதிப் பாலம் ஆகாது.

பொதுவசதியின் உயர்வைக் கல்லின் எடையாலும் செலவின் தொகையாலும் அளப்பது வழக்கம். அதற்கும் மேலான அளவுகோல் ஒன்று உண்டு: அது ஓர் எளிய மனிதனின் வாழ்நாளில் எத்தனை மணி நேரத்தை மீட்டுத் தருகிறது என்பதே அது. இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் தந்தை, உறங்கிவிட்ட குழந்தையின் பள்ளிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க இயலுமா? வரிசையில் கழியும் ஒரு மணி நேரம் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் செலவாக எழுதப்படுவதில்லை. ஆனால் அதனைச் செலுத்துவோர் இருக்கின்றனர். கல் சுமந்தவர் பெயரை எழுதத் தவறிய வரலாறு, காத்து நிற்பவர் நேரத்தையும் எழுதத் தவறுமாயின், அதே பிழை இருமுறை நேர்ந்ததாகும். வகுப்பறையில் 1924 என்னும் ஆண்டைக் கற்பிக்கும் ஆசிரியர், அதனுடன் விடியல் நான்கு மணியையும் சேர்த்துக் கற்பித்தால், கடற்பாலத்தின் வரலாறு நிறைவுறும்.